பத்திரிகை முதுகில் ஐந்து ஓட்டைகள்

நம்மில் பாதிப் பேருக்கு வெள்ளெழுத்து வந்தாயிற்று. மாத்திரை அட்டையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு காலாவதித் தேதியைத் தேடுகிற வயது. மற்றவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள். நான் இடது கண்ணை முழுசாக மூடிவிடுவேன். மூடியதும் தலை தானாக வலப்பக்கம் சாயும், மூச்சு பாதியில் நிற்கும். மருந்துக் கடைக்காரர் ஒருமுறை பயந்துபோய் நாற்காலி எடுத்துப் போட்டார். ஒன்றுமில்லை. பதின்மூன்று வயதில் ஒரு கோடை முழுக்கத் துப்பாக்கி பிடித்தேன். அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், கோவையை ஒட்டிய துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு இருந்தது. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. பட்டறை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு கிரைண்டர், அப்பா. போர்வெல் மோட்டார்களுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் தொழில். எங்கள் சாம்பாரிலும் லேசாகக் கட்டிங் ஆயில் வாசம் இருக்கும் என்று பள்ளித் தோழிகள் கேலி செய்வார்கள். எனக்கு அது தெரிந்ததே இல்லை. அந்த வாசம் இல்லாத சாம்பாரைத்தான் கல்யாணத்துக்குப் பிறகு சாப்பிட முடியாமல் தவித்தேன்.

அப்பா பத்தாவது வரை படித்தவர். லேத்தில் இரும்பு கடைகிற டர்னர். ஆனால் அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம். காரணம், அப்பா அம்மாவின் கல்யாணப் பத்திரிகை. அதை அச்சடித்தது அம்மாவின் அண்ணன், பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த என் மாமா. ஜாதகக் கோளாறால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த தங்கை கல்யாணம் ஒருவழியாகப் பட்டறைக்கார மாப்பிள்ளையோடு முடிவானதும், ஒறம்பரைச் சனம், சொந்தபந்தமெல்லாம், என்ன சொல்லுமோ என்று அவருக்குக் கவலை. அப்பா பெயருக்குப் பக்கத்தில் 'எஞ்சினியர், கோவை' என்று போட்டுவிட்டார். கட்டுக்கட்டாக அச்சாகி வந்த பிறகுதான் அப்பாவே பார்த்தார். அதற்குப் பிறகு பல்லடத்துப் பக்கம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் "எங்க மாப்பிள்ளை, எஞ்சினியருங்க" என்றுதான் மாமா அறிமுகம் செய்வார். அப்பா தன் கைகளை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொள்வார். எவ்வளவு சோப்பு போட்டாலும் அவர் நகக்கண்ணில் கறுப்பு போகாது.

பள்ளிக்கூட ஃபாரங்களில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் நானும் 'எஞ்சினியர்' என்றே எழுதினேன். அச்சில் இருப்பது பொய்யாக இருக்கும் என்று அந்த வயதில் யாருக்குத் தோன்றும்?

துப்பாக்கி விவகாரம் மாரியம்மன் நோன்பிச் சாட்டில், அதாவது ஊர்த் திருவிழாவில், ஆரம்பித்தது. பலூன் சுடுகிற கடை உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். சாக்குப் படுதாவில் வரிசை வரிசையாகப் பலூன், முன்னால் ஒரு பெஞ்சு, அதன்மேல் வளைந்த துப்பாக்கி. எல்லோரும் நேராகக் குறி வைத்துத் தவறவிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் சுட்டவரின் குண்டு ஒவ்வொரு தடவையும் நான்கு விரல் இடப்பக்கம் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் முறை வந்தபோது நான்கு விரல் வலப்பக்கம் பிடித்தேன். எட்டுக்கு ஏழு உடைந்தது. கடைக்காரம்மா துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, "போதும் கண்ணு, அக்கட்டால போயி ராட்டினம் ஆடு" என்றார். அப்பா அன்றைக்குப் பட்டறை வரைக்கும் என் தலையில் கை வைத்தபடியே நடந்து வந்தார்.

அவர் சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் என் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டார். டீச்சர் என்.சி.சி.யையும் கவனித்துக்கொண்டிருந்தார். பள்ளியில் இருந்த ஒரே ஏர் ரைஃபிள் துருப்பிடித்துக் கிடந்தது. ஆனி மாதம் டவுனில் ரைஃபிள் கிளப்பில் பெண் பிள்ளைகளுக்குத் தேர்வு வைக்கிறார்கள், பத்து மீட்டர், நான்கு பேரை எடுத்து மாநிலப் போட்டிக்கு மெட்ராஸ் அனுப்புவார்கள், ஆனால் துப்பாக்கி சொந்தமாக இருந்தால்தான் பழக முடியும் என்றார்.

மெட்ராஸ்! நான் அதுவரை சத்தியமங்கலத்தைத் தாண்டிப் போனதில்லை. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. கரும்பலகையில் டீச்சர் வைக்கிற புள்ளியைக்கூட ஒரு கண்ணால்தான் பார்த்தேன்.

செய்தி பல்லடத்துக்குப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா காரில் வந்து இறங்கினார். ஒரு தட்டு முட்டை, ஒரு சீப்பு பூவன் பழம், கூடவே ஒரு முடிவு.

"கண்ணு, மாமன் உனக்கு ஜெர்மன் துப்பாக்கியே வாங்கித் தாரேன். டவுன்ல விசாரிச்சுப்போட்டேன். பாதித் தேர்வு துப்பாக்கியிலயே முடிஞ்சிருமாம்."

அப்பா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "வேண்டாமுங்க மச்சான். நானே பாத்துக்கறேன்."

"அதென்ன மாப்பிள்ளை, நான் என்ன அசலா?"

"அசலுன்னு சொல்லலீங்க. எம்புள்ளைக்கு நான் பாத்துக்கறேன்னு சொன்னனுங்க."

மாமா முகம் சுருங்கிவிட்டது. அப்பாவின் வறட்டுப் பிடிவாதத்தால் ஜெர்மன் துப்பாக்கி போயிற்றே என்று நான் சமையலறையில் அழுதேன். அம்மா முட்டைகளை ஒவ்வொன்றாகப் பானையில் இறக்கிக்கொண்டே, "அழுவாத. உங்கப்பா வாங்குவாரு" என்று மட்டும் சொன்னாள். மாமா பெருமை பீற்றிக்கொள்கிற ஆள் என்றும் அப்பா வீம்பு பிடித்த ஆள் என்றும் அந்த வயதில் தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். இரண்டும் தப்பு. ஒருவர் தங்கைக்காகப் பயந்தவர், இன்னொருவர் வெட்கப்பட்டவர். அதைப் புரிந்துகொள்ள எனக்கே மாப்பிள்ளை பார்க்கிற காலம் வர வேண்டியிருந்தது.

துப்பாக்கிக் கடை டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. உள்ளே மண்ணெண்ணெயும் பழைய மரமும் கலந்த வாசம். கடைக்காரர் மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். முதலாவது மாமா சொன்ன ஜெர்மன் துப்பாக்கி. கையில் வாங்கியதும் அதுவே தோளில் போய் உட்கார்ந்தது. விலையைக் கேட்டதும் நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது புத்தம் புதிய உள்நாட்டுத் துப்பாக்கி, பளபளவென்று வார்னிஷ். மூன்றாவது மூலையில் துணி சுற்றி வைத்திருந்த பழையது. கட்டையில் ஒரு கீறல், தோளில் பதிகிற பட்டையில் யாரோ பல்லால் கடித்தது மாதிரி ஒரு அடையாளம்.

எனக்கு வார்னிஷ் பிடித்திருந்தது. அப்பா அதன் குழலை மடித்து, கீலைப் பிடித்து ஆட்டினார். லேசாகக் 'கடக்' என்றது. கீழே வைத்துவிட்டார். பழையதை மடித்து ஆட்டினார். சத்தமே இல்லை. குழலை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணால் நெடுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே வெள்ளிக் கோடுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு திருகித் திருகிப் போயின.

"பாத்தியா அம்மணி, ஒரு பொட்டு துரு இல்ல. கீலுல ப்ளேயும் இல்ல, ஆட்டுனா ஆடுல. மேல இருக்கறது சும்மா மரம். குறி இங்கதான் இருக்குது."

கடைக்காரருக்கு அவரைப் பிடித்துவிட்டது. "நல்லாப் பாத்துப்போட்டீங்க. முன்ன வெச்சிருந்தவரு காயிதத்த மட்டுந்தான் சுட்டாருங்க, கொக்கு குருவின்னு ஒண்ணும் சுடுல. ஸ்பிரிங்கு கொஞ்சம் தளந்து சாதுவா இருக்குது. ஒண்ணும் பண்ணாதீங்க, அப்படியே உட்டுருங்க."

நம் கையில் அடங்குகிற விலைக்கு, அந்தக் கடையிலேயே குறி சுத்தமான துப்பாக்கியைப் பத்து நிமிடத்தில் பொறுக்கி எடுத்தவர் அவர். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைக்காரர் கடைசியாகச் சொன்னாரே ஒரு சொல், 'அப்படியே உட்டுருங்க' என்று. கோயமுத்தூர்ப் பட்டறைக்காரரிடம் சொல்லக்கூடாத சொல் அது.

வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லிலிருந்து சுற்றுச்சுவர் வரை பத்து மீட்டரை அப்பா டேப் வைத்து அளந்தார். சுவரோரம் ஒரு மரப்பெட்டி, அதற்குள் பட்டறையில் கை துடைக்கிற திருப்பூர் பனியன் வேஸ்ட்டை இறுக்கி அடைத்தார். குண்டு அதற்குள் போய் அமைதியாகத் தூங்கிவிடும். குறி அட்டைக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது அம்மா பரணிலிருந்து, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டை இறக்கினாள்.

நம் வீடுகளில் பத்திரிகையைக் குப்பையில் போட மாட்டார்கள், தெரியுமல்லவா. மங்களச் சமாச்சாரம். சேர்த்து வைத்து எப்போதாவது சத்தியமங்கலம் போகிறபோது பவானி ஆற்றில் விடுவாள் அம்மா. அந்தக் கட்டு ஆற்றுக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் வந்தது. விதிமுறைகள் உண்டு. மஞ்சள் தடவிய மூலையையும் சாமி படத்தையும் கத்தரித்து எடுத்துவிட்டுத்தான் தருவாள். வெறும் முதுகுப்பக்கத்தில்தான் சுட வேண்டும். பழைய ரூபாய்க் காசை வைத்து வட்டம் வரைந்து மை தீட்டுவேன். பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளி வீட்டுப் பத்திரிகைகளை அம்மா முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டாள்.

சுட்ட அட்டைகளையும் அவள் எறியவில்லை. ஓட்டை விழுந்தாலும் பத்திரிகை பத்திரிகைதானே. அச்சுப் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் தேதி எழுதி, பழையபடி ரிப்பனில் கட்டி வைத்தாள்.

அந்த மூன்று வாரம் என் வாழ்க்கையிலேயே நல்ல வாரங்கள். காலை ஏழு மணி, துவைக்கிற கல் இன்னும் குளிர்ந்திருக்கும், பக்கத்து வீட்டு முருங்கையில் அணில் கத்தும். குழலை மடித்து, ஈயக்குண்டை நாக்கில் வைத்துக்கொள்வேன் (வைக்கக்கூடாது, டீச்சர் திட்டுவார்), எடுத்து உள்ளே தள்ளி மூடுவேன். 'டப்' என்று மொட்டையாக ஒரு சத்தம். ஐந்து குண்டு சுட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் ஐந்து ஓட்டையையும் அதே ரூபாய்க் காசால் மூடிவிடலாம்.

வினை வைண்டிங்காரர் வடிவில் வந்தது. பக்கத்துக் கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுபவர், அப்பாவின் உயிர் நண்பர். ஒருநாள் டீ குடித்துக்கொண்டே நான் சுடுவதைப் பார்த்தார்.

"ஏனுங்க, குண்டு நடந்தே போகுதாட்ட இருக்குது? வேகமே இல்லீங்களே."

அப்பா என்னிடமிருந்து துப்பாக்கியை வாங்கினார். ஒரு பேக்கிங் பலகையை நிறுத்தி, ஒரு குண்டு சுட்டார். குண்டு பாதி உடம்பு வெளியே தெரியப் பலகையில் ஒட்டிக்கொண்டு நின்றது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். கிணறு வற்றியதைப் பார்க்கிற முகம்.

இந்தத் தப்பு எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் நடந்திருக்காது. நிலத்தடித் தண்ணீர் வருஷா வருஷம் கீழே போய்க்கொண்டிருந்த காலம். மூன்று எச்.பி. மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லையா, ஐந்து போடு. ஐந்து எடுக்கவில்லையா, ஏழரை போடு. எங்கள் ஊர் முழுக்க அந்த ஒரே வைத்தியத்தில்தான் பிழைத்துக்கொண்டிருந்தது. எது சரியாக வேலை செய்யவில்லை என்றாலும் கை தானாக எச்.பி.யை ஏற்றப் போகும். என் துப்பாக்கி சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை.

இரண்டு நாள் லேத்தை நிறுத்திவிட்டு அப்பா துப்பாக்கியைப் பிரித்தார். கணபதி என்ற பக்கத்து ஊரில் ஸ்பிரிங் சுற்றுகிறவரிடம் தடித்த கம்பியில் சொல்லிச் செய்தார். பழைய ஸ்பிரிங்கை வைண்டிங்காரர் இரண்டாக வெட்டித் தன் சைக்கிள் சீட்டுக்கடியில் மாட்டிக்கொண்டார். பூட்டி முடித்துப் பலகையில் சுட்டபோது குண்டு மறுபக்கம் வந்தே விட்டது. வைண்டிங்காரர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக் கத்தினார்.

"எச்.பி. ஏத்திப்போட்டீங்க! ஜெர்மன்காரன் பிச்சை வாங்கோணும். நீங்கதானுங்க நெசமான எஞ்சினியரு!"

அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்தப் பலகையை லேத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். ஷாஃப்ட் வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டினார்.

மறுநாளிலிருந்து என் குண்டுகள் அட்டை முழுக்க அலைந்தன. மடிக்கவே இரண்டு கையும் முழங்காலும் வேண்டியிருந்தது. விசையை அழுத்தினால் துப்பாக்கி கட்டவிழ்த்த கன்று மாதிரி துள்ளியது. ஐந்து குண்டையும் சோற்றுத் தட்டால்தான் மூட முடியும் என்கிற நிலை. அப்பா பின்னால் நின்று பார்ப்பார்.

"கை ஆடுது அம்மணி. பலம் பத்தல."

காலையும் மாலையும் தண்ணீர் நிரப்பிய ஆயில் கேனைக் கை நீட்டிப் பிடித்து நிற்கச் சொன்னார். நின்றேன். தோள் வீங்கியது. டீச்சர் மூச்சைச் சரியாக விடச் சொன்னார். விட்டேன். துப்பாக்கியைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை, அதுதான் பலகையையே துளைக்கிறதே! சந்தேகமெல்லாம் என்மேல்தான். நோன்பியில் ஏழு பலூன் உடைத்தது ஏதோ குருட்டு அதிர்ஷ்டம், இனி மெட்ராஸும் இல்லை ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. தோழிகளிடம் மெட்ராஸ் போவதாக ஏற்கெனவே சொல்லியும் வைத்திருந்தேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த இடத்தில் பையைப் போட்டுவிட்டு, "இனிமே நான் சுடலம்மா" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த அட்டையையும் கட்டிலிருந்து உருவிய பழைய அட்டை ஒன்றையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவள் ரவிக்கை தைப்பவள். தையல்காரி பார்வை.

"இது சித்திரையில சுட்டது. இது நேத்து சுட்டது. இந்தத் தையல் எப்பப் பிரிஞ்சுது?"

பின்னால் திருப்பித் தேதி பார்த்தோம். ஒவ்வொன்றாக உருவினோம். ஒரு திங்கட்கிழமை வரை எல்லா ஓட்டையும் ஒரே கூட்டில் இருந்தன. வியாழக்கிழமையிலிருந்து சிதறிக் கிடந்தன. நடுவில் செவ்வாயும் புதனும்தான் ஸ்பிரிங் மாற்றிய நாட்கள். என் கை திங்கள் வரைக்கும் ஆடாமல் இருந்து வியாழனன்று ஆட ஆரம்பித்துவிடுமா?

எனக்கு வந்தது சந்தோஷமில்லை, பயம். "அப்பாகிட்ட நீ சொல்லும்மா."

"நான் சொன்னா எங்கண்ணன் குத்திக்காட்டுன மாதிரி ஆயிரும் கண்ணு. நீதான் சொல்லோணும்."

இரண்டு நாள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்தப் பலகையைப் பார்த்துத்தான் அவர் காலையில் லேத்தையே போட்டார். சொல்லாவிட்டால் என் மெட்ராஸ் போகும். சொன்னால் அவருடைய பலகை போகும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கரண்ட் இல்லாமல் பட்டறை நின்றிருந்தபோது, பத்து அட்டைகளை எடுத்துப்போய் லேத் படுக்கைமேல் வரிசையாக வைத்தேன். மேலே ஐந்து பழையது, கீழே ஐந்து புதியது.  

அப்பா குனிந்து பார்த்தார். பிறகு, பழக்கதோஷம், மேலேயிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தார். முதல் அட்டையில் ஓரத்து ஓட்டையிலிருந்து ஓரத்து ஓட்டை வரை அளந்தார். சாக்பீஸால் லேத் மூடிமேல் எழுதினார். இரண்டாவது. மூன்றாவது. ஆறாவது அட்டைக்கு வந்ததும் வெர்னியரின் வாயை நிறையத் திறக்க வேண்டியிருந்தது. பத்தையும் அளந்து முடித்துத்தான் நிமிர்ந்தார். வெர்னியரைத் துடைத்து உறையில் போட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் அந்த இடத்திலேயே நின்றேன். ஒரு மணி நேரம் இருக்கும். வரும்போது கையில் தேங்காய் பன் பொட்டலம் இருந்தது. அதை என்னிடம் கொடுத்துவிட்டு, என் வீங்கிய தோளில் கை வைத்தார்.

"ரெண்டு வாரமா உன்ற கையத் திட்டிப்போட்டனே, அம்மணி. வலிக்குதா?"

வலிக்கவில்லை என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான், அதுவும் பாதி.

பழைய ஸ்பிரிங் வைண்டிங்காரர் சீட்டுக்கடியில் இரண்டு துண்டாகக் கிடந்தது. ஆகவே புதியதன் வேகத்தைத்தான் இறக்க வேண்டும். கரண்ட் வந்ததும் அப்பா துப்பாக்கியைப் பிரித்து, ஸ்பிரிங்கிலிருந்து ஒரே ஒரு சுற்றை வெட்டி, முனையைத் தட்டையாகத் தேய்த்துப் பூட்டினார். மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து நான் ஐந்து சுட வேண்டும். அவர் அளக்க வேண்டும். அம்மா தேதிக்குப் பதில் எண் எழுத வேண்டும். மறுபடி ஒரு சுற்று. மறுபடி ஐந்து குண்டு. வைண்டிங்காரர் எட்டிப் பார்த்து, "ஐயோ, ஏத்துனத எறக்கறீங்களே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "எறக்கத்தானுங்க வேணும்" என்று அப்பா அரத்தைக் கீழே வைக்காமல் சொன்னார். ஒவ்வொரு சுற்றுக்கும் துள்ளல் குறைந்தது, ஓட்டைகள் நெருங்கின. மத்தியானம் நின்றுகொண்டே தயிர்சோறு சாப்பிட்டோம்.

நாலு மணிக்கு ஏழாவது சுற்றையும் வெட்டியபோது அட்டை தீர்ந்துவிட்டது. கட்டு முழுக்க ஓட்டை. அம்மா உள்ளே போய்ப் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பழுப்பேறிய பத்திரிகையோடு வந்தாள். மஞ்சள் மூலையும் பிள்ளையாரும் அதில் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தன.

"அத எதுக்கு எடுத்துட்டு வந்தே?" என்றார் அப்பா.

"இதொண்ணுதானுங்க பாக்கி."

அவர்களுடைய கல்யாணப் பத்திரிகை. அப்பா வாங்கி எழுத்துள்ள பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்பி, தானே காசு வைத்து வட்டம் போட்டு, தானே பெட்டியில் குத்தினார்.

ஐந்து சுட்டேன். 'டப்' என்ற அந்தப் பழைய மொட்டைச் சத்தம் திரும்ப வந்துவிட்டது. அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா வெர்னியரை எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலணாக் காசை எடுத்து வைத்தார். ஐந்தும் அதற்கடியில் மறைந்தன.

கதையாக இருந்தால் அந்த ஓட்டை மறுபக்கத்தில் 'எஞ்சினியர்' என்ற சொல்லின்மேல் விழுந்திருக்கும். விழவில்லை. மூன்று விரல் கீழே, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் விழுந்திருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "நல்லவேளை, எங்கண்ணன் பேரு தப்பிச்சுது" என்றாள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, "அந்தப் பேச்ச எங்கியும் எழுதாத அம்மணி. டர்னர்னே எழுது" என்றார். எந்தப் பேச்சு என்று நான் கேட்கவில்லை.

தேர்வன்று கிளப்பில் மாமா எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். மில் முதலாளி நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஜெர்மன் துப்பாக்கி காரில் இருந்தது. உறையோடு எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"கண்ணு, ரெண்டும் இருக்குது. மாமன் ஒண்ணும் சொல்லல. உனக்கு எது தோதோ அத எடுத்துக்க."

அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "உம்பட இஷ்டந்தான் அம்மணி" என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஜெர்மன் துப்பாக்கி நல்ல துப்பாக்கி. இன்றைக்கு யாராவது பணம் வைத்துக்கொண்டு கேட்டால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் ஏழு சுற்று வெட்டியபோது நான் பக்கத்தில் இருந்திருக்கிறேனே. கீறல் விழுந்ததையே எடுத்துக்கொண்டு போனேன்.

சுடுவதற்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் சோதித்தார்கள். சோதித்தவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், முறுக்கிய மீசை. என்னுடையதை மடித்து மூடினார். நின்றார். மறுபடி மடித்து மூடினார்.

"ரொம்பப் பதமா இருக்கே. யார் வேலை இது?"

நான் அப்பாவைக் காட்டினேன். வரிசைக்குப் பின்னால், மாமாவுக்குப் பக்கத்தில், வேட்டியில் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களா? எஞ்சினியரா சார்?"

மாமா முந்திக்கொண்டார். "ஆமாங்க, எங்க மாப்பிள்ளை..."

"இல்லீங்க" என்றார் அப்பா. கைகளை வேட்டி மடிப்பிலிருந்து வெளியே எடுத்தார். "டர்னருங்க."

மீசைக்காரர் அந்தக் கைகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, துப்பாக்கியை என்னிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.  மாமாவின் காது சிவந்திருந்ததை என் இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. எனக்கு அப்போது அவரைப் பார்த்துப் பாவமாக இருந்தது.

நான்கு பேரில் நான்காவதாக வந்தேன். மெட்ராஸ் போனேன், கடலைப் பார்த்தேன், பட்டியலில் கண் எட்டாத இடத்தில் முடித்தேன். பிளஸ் டூவோடு சுடுவது நின்றது. அந்தத் துப்பாக்கி எங்கே போனதென்று தெரியவில்லை. பட்டறையைக் காலி செய்தபோது யாரோ கேட்டார்கள், யாரோ கொடுத்தார்கள். ஓட்டை விழுந்த பலகையைக் கழற்றிவிடலாமா என்று அம்மா கேட்டதற்கு, "இருக்கட்டும். அதும் நாம செஞ்சதுதான்" என்று அப்பா சொல்லிவிட்டார். கடைசிவரை லேத்துக்கு மேலேயே இருந்தது.

தேர்வு முடிந்த மறு வருஷம் தை மாதம் மாமா வீட்டில் மூத்த மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க மாமாவும் அத்தையும் தாம்பாளத்தோடு வந்தார்கள். அவர்கள் போன பிறகு அம்மா உறையைப் பிரித்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். உள்ளே நெடுக ஒறம்பரைப் பட்டியல். ஒருவர் மில் முதலாளி, ஒருவர் வக்கீல், ஒருவர் ஓய்வு பெற்ற தாசில்தார், ஒருவர் பைனான்ஸ். நடுவில், மற்றவர்களுக்குப் போட்ட அதே பெரிய எழுத்தில், அப்பாவின் பெயர். பக்கத்தில் 'டர்னர், துடியலூர்'.

அம்மா அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

கெட்டி அட்டை, நல்ல வழவழப்பு, முதுகுப்பக்கம் முழுக்க வெள்ளை. வட்டம் போட இதைவிடத் தோதான அட்டை கிடைக்காது என்று சொல்லி நான் கேட்டேன். அதைச் சுட அம்மா தரவில்லை.